உயிரணு வேதியியலில் பாஸ்பேட்

பாஸ்பேட் அல்லது பாசுபேட்டு என்பது ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்முகி வடிவில் அமைந்துள்ள எதிர்மின் அயனி ஆகும். இது பாஸ்பாரிக் அமிலத்தில் இருந்து பெறப்படுகின்றது. அறியப்பட்ட எல்லா உயிரினங்களுக்கும் பாஸ்பேட் இன்றியமையாதது. மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ, ஆர்.என்.ஏ ஆகியவற்றின் முதுகெலும்பாகவும், ஏ.டி.பி எனப்படும் அடினோசின் முப்பாஸ்பேட்டில் ஆற்றலைக் கைமாற்றும் தொகுதியாகவும், உயிரணு மென்சவ்வின் கட்டுமானப் பொருளாகவும், புரதங்களை இயக்கவும் நிறுத்தவும் உதவும் குறியாகவும் இது பயன்படுகின்றது.

இப்பணிகளுள் சில ஒன்றுக்கொன்று முரணானவை. டி.என்.ஏ.வில் உள்ள பாஸ்பேட் பிணைப்பு உயிரினத்தின் வாழ்நாள் முழுதும் அறுபடாமல் இருக்க வேண்டும். ஏ.டி.பி.யில் உள்ள பாஸ்பேட் பிணைப்போ உருவான ஒரு நிமிடத்திற்குள் பயன்பட்டு உடைய வேண்டும். ஒரே வேதித் தொகுதி இவ்விரண்டு பணிகளையும் ஆற்ற முடிவதற்குக் காரணம், அதன் எதிர்மின்னூட்டமும், நொதியின் துணையின்றி அதன் பிணைப்புகள் மிக மெதுவாகவே உடையும் தன்மையும் ஆகும்.

வேதிப் பண்புகள்

பாஸ்பாரிக் அமிலத்தில் நேர்மின்னியாகப் பிரியக்கூடிய மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. முதல் ஹைட்ரஜன் எளிதிலும், இரண்டாவது நடுநிலைக் கரைசலை ஒட்டிய நிலையிலும், மூன்றாவது வலுவான காரக் கரைசலில் மட்டுமே பிரிகின்றன. இரண்டாம் ஹைட்ரஜன் பாதியளவு பிரியும் நிலையின் பி.எச் மதிப்பு ஏறத்தாழ 7.2 ஆகும். உயிரணுவின் உட்புற பி.எச் மதிப்பும் இதற்கு மிக அருகில் உள்ளது. எனவே உயிரணுவினுள் தனித்த பாஸ்பேட் ஒன்று அல்லது இரண்டு எதிர்மின்னூட்டங்களைத் தாங்கி நிற்கின்றது. இதன் காரணமாக உயிரணுவின் அமில-காரச் சமநிலையைப் பேணும் தாங்கற் கரைசலாகவும் அது செயற்படுகின்றது.

பாஸ்பேட்டின் ஆக்சிஜன் அணு ஒன்று கார்பன் சேர்மம் ஒன்றின் ஹைட்ராக்சில் தொகுதியோடு இணையும்போது எஸ்டர் பிணைப்பு உருவாகின்றது. இவ்வாறு இரண்டு பக்கங்களிலும் இரண்டு மூலக்கூறுகளோடு இணைந்தால் அது இருவழி எஸ்டர் எனப்படும். இரண்டு பிணைப்புகளுக்குப் பிறகும் மூன்றாவது அமிலத் தொகுதி எஞ்சியிருக்கின்றது. அது வலுவான அமிலத் தன்மை கொண்டதாகையால் உயிரணுவில் எப்போதும் அயனியாகவே உள்ளது. அதாவது, பாஸ்பேட் இரண்டு மூலக்கூறுகளை இணைத்த பின்னரும் ஓர் எதிர்மின்னூட்டத்தை இழக்காமல் வைத்துக்கொள்கின்றது.

டி.என்.ஏ.வில் பாஸ்பேட்

டி.என்.ஏ.வின் அடிப்படை அலகு நியூக்ளியோடைடு ஆகும். ஒவ்வொரு நியூக்ளியோடைடும் டி-ஆக்சி-ரைபோஸ் என்னும் சர்க்கரை, ஒரு நைட்ரஜன் காரம், ஒரு பாஸ்பேட் ஆகிய மூன்று பகுதிகளால் ஆனது. ஒரு சர்க்கரையின் 3ஆம் கார்பனையும் அடுத்த சர்க்கரையின் 5ஆம் கார்பனையும் பாஸ்பேட் இணைக்கின்றது. இவ்விணைப்பு மீண்டும் மீண்டும் நிகழ்வதால் சர்க்கரை, பாஸ்பேட், சர்க்கரை, பாஸ்பேட் என்று நீளும் இழை உருவாகின்றது. இணைப்பின் இரு முனைகளும் வெவ்வேறானவை என்பதால் இழைக்கு ஒரு திசை உண்டு. மரபுச் செய்தியைப் படிப்பதும் படியெடுப்பதும் இத்திசையைப் பொறுத்தே நடைபெறுகின்றன.

அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் ஆகிய காரங்களின் வரிசையில்தான் செய்தி அடங்கியுள்ளது. பாஸ்பேட் எந்த எழுத்தையும் குறிப்பதில்லை. ஆயினும் எழுத்துகள் எந்த வரிசையில் மாறினாலும் மூலக்கூறின் பொது வடிவம் மாறாமல் இருப்பதற்குச் சீரான இம்முதுகெலும்பே காரணம். எனவேதான் ஒரே நொதியால் எந்த வரிசையையும் படியெடுக்க முடிகின்றது.

மனித உயிரணு ஒன்றின் உட்கருவில், இரு பெற்றோரிடமும் இருந்து பெற்ற தொகுதிகளைச் சேர்த்து, ஏறத்தாழ 640 கோடி கார இணைகள் உள்ளன. ஓர் இணைக்கு இரண்டு பாஸ்பேட் என்னும் கணக்கில் ஓர் உயிரணுவின் டி.என்.ஏ.வில் மட்டும் ஏறத்தாழ 1,280 கோடி பாஸ்பேட் தொகுதிகளும் அதே எண்ணிக்கையில் எதிர்மின்னூட்டங்களும் உள்ளன.

எதிர்மின்னூட்டத்தின் விளைவுகள்

வெளிப்புற அமைப்பு: ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். ஆகவே இரட்டைச் சுருளில் பாஸ்பேட் தொகுதிகள் வெளிப்புறத்தில் நீரை நோக்கியும், நீரை விரும்பாத காரங்கள் உட்புறத்தில் அடுக்கடுக்காகவும் அமைகின்றன. நீரில் உள்ள சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகள் பாஸ்பேட்டைச் சூழ்ந்து விலக்கு விசையைத் தணிக்கின்றன. உப்பே இல்லாத தூய நீரில் இரண்டு இழைகளும் எளிதில் பிரிந்துவிடும்.

சுருட்டி அடுக்குதல்: மனித உயிரணுவின் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் இருக்கும். அது சில மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உட்கருவினுள் அடங்க வேண்டும். லைசின், ஆர்ஜினைன் ஆகிய நேர்மின்னூட்டமுள்ள அமினோ அமிலங்கள் நிறைந்த ஹிஸ்டோன் புரதங்கள் இதற்கு உதவுகின்றன. ஏறத்தாழ 147 கார இணைகள் நீளமுள்ள டி.என்.ஏ துண்டு எட்டு ஹிஸ்டோன்களால் ஆன உருளையைச் சுற்றிக்கொள்கின்றது. லைசினின் மீது அசிட்டைல் தொகுதி சேர்க்கப்பட்டால் அதன் நேர்மின்னூட்டம் நீங்கிப் பிடி தளர்கின்றது. மரபணுக்களைப் படிக்கத்தக்கவையாக மாற்ற உயிரணு கையாளும் வழிகளுள் இதுவும் ஒன்று.

ஆய்வகப் பயன்பாடு: பள்ளி ஆய்வகங்களில் வாழைப்பழம் அல்லது வெங்காயத்தில் இருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும்போது உப்பு சேர்க்கப்படுகின்றது. உப்பின் சோடியம் அயனிகள் பாஸ்பேட்டின் மின்னூட்டத்தை ஈடுசெய்கின்றன. பின்னர் குளிர்ந்த ஆல்கஹாலைச் சேர்த்தால் டி.என்.ஏ கரைந்திருக்க முடியாமல் வெண்ணிற நூல்களாகத் திரள்கின்றது. இதுபோன்றே கூழ்ம மின்னாற்பிரிப்பு முறையில் டி.என்.ஏ துண்டுகள் நேர்மின்முனையை நோக்கி நகர்வதற்கும் பாஸ்பேட்டே காரணம். ஒவ்வொரு நியூக்ளியோடைடுக்கும் ஒரு மின்னூட்டம் என்பதால், துண்டுகள் மின்னூட்டத்தால் அன்றி நீளத்தால் மட்டுமே பிரிகின்றன. குறுந்துண்டுகள் கூழ்மத்தின் நுண்துளைகள் வழியே விரைவாக முன் செல்கின்றன.

நிலைப்புத் தன்மை

பாஸ்பேட் எஸ்டர் பிணைப்பு நீருடன் வினைபுரிந்து உடைவது ஆற்றல் நோக்கில் சாதகமான நிகழ்வே ஆகும். ஆயினும் அது நடைமுறையில் மிக மிக மெதுவாகவே நிகழ்கின்றது. பாஸ்பரஸ் அணுவைத் தாக்க வரும் நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் எதிர்மின்னிச் செறிவு உடையது. பாஸ்பேட்டின் எதிர்மின்னூட்டம் அதனை விலக்குகின்றது. 2006 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, 25 பாகை செல்சியசில் எளிய இருவழி எஸ்டர்களின் பாஸ்பரஸ் அணுவை நீர் தாக்கி உடைப்பதற்கான அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள் என்று மதிப்பிட்டது. நியூக்ளியேஸ் எனப்படும் நொதிகளோ இதே பிணைப்பை ஒரு நொடியின் சிறு பகுதியில் வெட்டிவிடுகின்றன. எனவே எங்கு, எப்போது வெட்ட வேண்டும் என்பது முழுமையாக நொதிகளின் கட்டுப்பாட்டில் உள்ளது.

டி.என்.ஏ உண்மையில் 3 கோடி ஆண்டுகள் நிலைத்திருப்பதில்லை. அதன் வலுக்குறைந்த இடம் பாஸ்பேட் அன்று. சர்க்கரைக்கும் காரத்திற்கும் இடையிலான பிணைப்பே ஆகும். மனித உயிரணு ஒன்றில் நாள்தோறும் ஏறத்தாழ 10,000 காரங்கள் இவ்வாறு கழன்று விழுகின்றன. காரத்தை இழந்த இடத்தில் இழை எளிதில் அறுபடும். பழுதுபார்க்கும் நொதிகள் அவற்றை உடனுக்குடன் சீராக்குகின்றன.

ஆர்.என்.ஏ.வின் நிலை வேறு. அதன் சர்க்கரையான ரைபோசின் 2ஆம் கார்பனில் ஒரு கூடுதல் ஹைட்ராக்சில் தொகுதி உள்ளது. வெளியிலிருந்து நீர் வர வேண்டிய தேவையின்றி, இத்தொகுதியே அருகில் உள்ள பாஸ்பேட்டைத் தாக்கி இழையை அறுத்துவிட முடியும். டி.என்.ஏ.வில் அந்த ஒரு ஆக்சிஜன் இல்லாமையே அதனை நீண்டகால ஆவணமாக்குகின்றது. 2020 ஆம் ஆண்டு அறிமுகமான கோவிட்-19 செய்தி ஆர்.என்.ஏ தடுப்பூசிகளை உறைநிலைக்கும் கீழே வைத்துப் பாதுகாக்க வேண்டியிருந்ததற்கு ஆர்.என்.ஏ.வின் இப்பண்பு ஒரு காரணம் ஆகும்.

ஏ.டி.பி.யும் ஆற்றலும்

ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட் தொகுதிகள் வரிசையாக இணைந்துள்ளன. நீருடன் வினைபுரிந்து கடைசிப் பாஸ்பேட் பிரியும்போது, திட்ட நிலைமைகளில் ஒரு மோலுக்கு 30.5 கிலோ ஜூல் ஆற்றல் வெளிப்படுகின்றது. உயிரணுவின் உள்ளே நிலவும் செறிவுகளில் இது ஏறத்தாழ 50 கிலோ ஜூல் ஆகும்.

பாடநூல்களில் இப்பிணைப்பு உயர் ஆற்றல் பிணைப்பு என்று குறிப்பிடப்படுவதால், பிணைப்பினுள் ஆற்றல் அடைத்து வைக்கப்பட்டுள்ளது என்ற தவறான எண்ணம் மாணவரிடையே ஏற்படுவதுண்டு. எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் தேவை. உடைந்தபின் உருவாகும் பொருள்கள் முன்பிருந்ததைவிட நிலைப்பானவையாக இருப்பதாலேயே ஆற்றல் வெளிப்படுகின்றது. இதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன:

1. நெருக்கமாக அமைந்த எதிர்மின்னூட்டங்களுக்கு இடையிலான விலக்கு விசை குறைகின்றது.
2. பிரிந்த பாஸ்பேட்டில் மின்னூட்டம் ஆக்சிஜன் அணுக்களிடையே மேலும் பரவி நிலைப்பு பெறுகின்றது.
3. பிரிந்த அயனிகளை நீர் மூலக்கூறுகள் மேலும் நன்றாகச் சூழ்ந்துகொள்கின்றன.

இவற்றோடு, ஏ.டி.பி.யின் செறிவை அதன் சமநிலையில் இருந்து வெகு தொலைவில் உயிரணு நிறுத்தி வைத்துள்ளது. அணையில் தேங்கிய நீர் மட்ட வேறுபாட்டால் வேலை செய்வதுபோல, ஏ.டி.பி.யும் இச்செறிவு வேறுபாட்டால் வேலை செய்கின்றது.

இத்தனை ஆற்றல் வெளிப்படக்கூடியதாயினும் ஏ.டி.பி நொதியின்றி நீரில் எளிதில் உடைவதில்லை. டி.என்.ஏ.வைக் காக்கும் அதே எதிர்மின்னூட்டமே இங்கும் நீரின் தாக்குதலைத் தடுக்கின்றது. தேவையான இடத்தில் நொதி மக்னீசியம் அயனியின் துணையோடு இத்தடையை நீக்குகின்றது. மனித உடலில் எந்நேரத்திலும் உள்ள ஏ.டி.பி.யின் அளவு ஏறத்தாழ 100 கிராம் மட்டுமே. ஆயினும் ஓய்வில் இருக்கும் ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 40 கிலோகிராம் ஏ.டி.பி.யைச் செலவிடுகின்றார். செலவான மூலக்கூறுகள் மைட்டோகாண்ட்ரியாவில் மீண்டும் மீண்டும் பாஸ்பேட் ஏற்றப்பட்டுப் புதுப்பிக்கப்படுகின்றன.

டி.என்.ஏ.வைப் படியெடுத்தல்

ஆற்றல் தரும் பாஸ்பேட்டும் கட்டுமானப் பாஸ்பேட்டும் சந்திக்கும் இடம் டி.என்.ஏ படியெடுப்பு ஆகும். புதிதாகச் சேர வரும் ஒவ்வொரு நியூக்ளியோடைடும் ஏ.டி.பி.யைப் போன்றே மூன்று பாஸ்பேட்டுகளுடன் வருகின்றது. டி.என்.ஏ பாலிமரேஸ் நொதி முதல் பாஸ்பேட்டை வளரும் இழையின் முனையோடு இணைத்து, மற்ற இரண்டையும் பைரோபாஸ்பேட்டாக வெளியேற்றுகின்றது. வெளியேறிய பைரோபாஸ்பேட் மற்றொரு நொதியால் உடனே உடைக்கப்படுவதால் வினை பின்னோக்கித் திரும்புவதில்லை.

சேர்க்கைக்கு வேண்டிய ஆற்றலைப் புதிய அலகே கொண்டு வருவதில் ஒரு நன்மை உண்டு. தவறான எழுத்து சேர்ந்துவிட்டால் நொதி அதனை வெட்டி எறியலாம். அதன் பின்னரும் இழையின் முனை அடுத்த அலகை ஏற்க அணியமாகவே இருக்கும்.

உயிரணுவின் பிற பணிகளில் பாஸ்பேட்

மூலக்கூறுகளை உள்ளே நிறுத்துதல்: உயிரணு மென்சவ்வின் உட்பகுதி கொழுப்பால் ஆனது. மின்னூட்டமுள்ள பொருள்கள் அதனைத் தாமாகக் கடக்க முடியாது. உயிரணுவினுள் நுழைந்த குளுக்கோஸ் உடனே பாஸ்பேட் ஏற்றப்பட்டு வெளியேற முடியாதவாறு நிறுத்தப்படுகின்றது. கல்லீரலோ பிற உறுப்புகளுக்காகக் குளுக்கோசை வெளியிட வேண்டியிருப்பதால், பாஸ்பேட்டை நீக்கும் நொதியைச் சிறப்பாகப் பெற்றுள்ளது. வளர்சிதைமாற்ற இடைப்பொருள்கள் பெரும்பாலும் அயனிகளாக இருப்பதன் சிறப்பைப் பெர்னார்டு டேவிஸ் 1958 ஆம் ஆண்டு சுட்டிக்காட்டினார்.

மென்சவ்வு: பாஸ்போலிப்பிடு மூலக்கூறின் பாஸ்பேட் தலை நீரையும், கொழுப்பு வால்கள் நீரற்ற சூழலையும் நாடுகின்றன. எனவே அவை நீரில் தாமாகவே ஈரடுக்கு ஏடாக அமைகின்றன.

புரதக் கட்டுப்பாடு: புரதத்தின் செரின், திரியோனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகள் கைனேஸ் எனவும், நீக்கும் நொதிகள் பாஸ்படேஸ் எனவும் அழைக்கப்படுகின்றன. இரண்டு எதிர்மின்னூட்டங்கள் புதிதாகச் சேர்வதால் புரதத்தின் வடிவமும் செயலும் மாறுகின்றன. எட்மண்டு பிஷர், எட்வின் கிரெப்ஸ் ஆகியோர் 1950களில் இதனைக் கண்டறிந்து 1992 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். மனிதரில் 500க்கும் மேற்பட்ட கைனேஸ் நொதிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஓயாமல் செயற்படுவதால் நாட்பட்ட மச்சைசார் இரத்தப் புற்றுநோய் உண்டாகின்றது. அந்நொதியில் ஏ.டி.பி அமரும் இடத்தை அடைக்கும் இமாட்டினிப் என்னும் மருந்து 2001 ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்து, உயிர்கொல்லியாக இருந்த அந்நோயைப் பெரும்பாலோர்க்குக் கட்டுப்படுத்தத்தக்க ஒன்றாக மாற்றியது.

வரலாறு

1869 ஆம் ஆண்டு செருமனியின் டூபிங்கன் நகரில் சுவிட்சர்லாந்து நாட்டவரான பிரீட்ரிக் மீஷர், மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் இருந்த சீழின் வெள்ளணுக்களில் இருந்து புதிய பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்து நியூக்ளின் எனப் பெயரிட்டார். அதில் பாஸ்பரஸ் மிகுந்திருந்தமையே அது புரதம் அன்று என்பதற்கு முக்கியச் சான்றாக அமைந்தது. பின்னர் பீபஸ் லெவீன் நியூக்ளியோடைடில் பாஸ்பேட், சர்க்கரை, காரம் ஆகியவை இணைந்துள்ள வரிசையைக் கண்டறிந்தார்.

உயிரியல் பொருள்களில் பாஸ்பரசை அளவிடுவதற்கான எளிய நிறமறி முறையைச் சைரஸ் பிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் 1925 ஆம் ஆண்டு வெளியிட்டனர். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பின் அமெரிக்கா சென்றவர். இம்முறையின் துணையுடன் அவ்விருவரும் தசையில் உள்ள பாஸ்போகிரியேட்டினை 1927 ஆம் ஆண்டு கண்டறிந்தனர். 1929 ஆம் ஆண்டு செருமனியில் கார்ல் லோமனும், தனித்து ஆர்வர்டில் பிஸ்கே-சுப்பாராவ் இணையும் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தனர். 1941 ஆம் ஆண்டு பிரிட்ஸ் லிப்மன் உயிரணுவின் பொது ஆற்றல் நாணயமாகப் பாஸ்பேட் விளங்குவதை விளக்கினார்.

1952 ஆம் ஆண்டு ஆல்பிரட் ஹெர்ஷி, மார்த்தா சேஸ் ஆகியோர், பாக்டீரியாவைத் தாக்கும் தீநுண்மங்களின் டி.என்.ஏ.வைக் கதிரியக்கப் பாஸ்பரசாலும் புரதத்தைக் கதிரியக்கக் கந்தகத்தாலும் அடையாளமிட்டனர். பாக்டீரியாவினுள் பெரும்பாலும் நுழைந்தது பாஸ்பரசே. மரபுப் பொருள் டி.என்.ஏ என்பதை இது வலுப்படுத்தியது.

1951 ஆம் ஆண்டு வாட்சனும் கிரிக்கும் அமைத்த முதல் மாதிரியுருவில் பாஸ்பேட்டுகள் மூன்று இழைகளின் நடுவில் இருந்தன. பாஸ்பேட்டுகள் வெளிப்புறத்திலேயே இருக்க வேண்டும் என ரோசலிண்ட் பிராங்க்ளின் அதனை மறுத்தார். 1953 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் வெளியிட்ட மாதிரியுருவும் இதே பிழையைக் கொண்டிருந்தது. அதில் பாஸ்பேட்டுகள் மின்னூட்டமற்றவையாகக் கொள்ளப்பட்டிருந்தன. அப்படியானால் அந்த அமிலம் அமிலமாகவே இருக்க முடியாது. 1953 ஏப்ரல் 25 அன்று நேச்சர் இதழில் வெளியான இரட்டைச் சுருள் மாதிரியுருவில் பாஸ்பேட்டுகள் வெளிப்புறத்தில் இடம்பெற்றன.

மாற்று உண்டா?

பாஸ்பேட்டின் இடத்தை வேறொரு தொகுதி நிரப்ப முடியுமா என்ற கேள்வியை 1987 ஆம் ஆண்டு ஆர்வர்டு வேதியியலாளர் பிராங்க் வெஸ்ட்ஹைமர் விரிவாக ஆராய்ந்தார். கந்தக அமிலம் இரண்டு மூலக்கூறுகளை இணைத்தபின் மின்னூட்டம் எஞ்சுவதில்லை. சிலிக்கேட், ஆர்சனேட் ஆகியவற்றின் எஸ்டர்கள் நீரில் விரைந்து உடைகின்றன. சிட்ரிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களின் எஸ்டர்கள் போதிய நிலைப்பு அற்றவை. இணைக்கும் திறன், எஞ்சும் மின்னூட்டம், மெதுவாக உடையும் தன்மை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தது பாஸ்பேட் மட்டுமே என்பது அவரது முடிவு.

2010 ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் கிடைத்த பாக்டீரியா ஒன்று பாஸ்பரசுக்குப் பதில் ஆர்சனிக்கைத் தன் டி.என்.ஏ.வில் பயன்படுத்துவதாகச் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. 2012 ஆம் ஆண்டு வெளியான மறு ஆய்வுகள், அதன் டி.என்.ஏ.வில் ஆர்சனேட் முதுகெலும்பு இல்லை என்றும், வளர்ச்சிக்குப் பாஸ்பேட் தேவை என்றும் காட்டின. 2025 ஆம் ஆண்டு சயன்ஸ் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

மருத்துவ முக்கியத்துவம்

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 700 கிராம் பாஸ்பரஸ் உள்ளது. அதில் ஏறத்தாழ 85 விழுக்காடு எலும்புகளிலும் பற்களிலும் உள்ளது.

நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென மிகுதியாக உணவளிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். மாவுப்பொருள் உட்சென்றதும் இன்சுலின் சுரந்து, குளுக்கோசுடன் பாஸ்பேட்டும் இரத்தத்தில் இருந்து உயிரணுக்களுக்குள் விரைந்து புகுகின்றது. ஏற்கெனவே இருப்புக் குறைந்துள்ள நிலையில் இரத்தப் பாஸ்பேட் அளவு வீழ்ந்து, ஏ.டி.பி பற்றாக்குறையால் மூச்சுத்தசைகளும் இதயமும் தளர்கின்றன. இரண்டாம் உலகப்போரின் முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் இத்தகைய இறப்புகள் காணப்பட்டன. ஆகவே இத்தகையோருக்குச் சிறிது சிறிதாக உணவளித்து, இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றின் அளவைக் கண்காணிப்பது மருத்துவ நடைமுறை ஆகும்.

தீநுண்ம எதிர்ப்பு மருந்துகள் பலவும் பாஸ்பேட்டைச் சார்ந்தே செயற்படுகின்றன. அக்கி நோய்க்குத் தரப்படும் அசைக்ளோவிர் பாஸ்பேட் இல்லாத நிலையில் உடலுள் செல்கின்றது. தீநுண்மத்தின் நொதியே அதற்கு முதல் பாஸ்பேட்டை ஏற்றுவதால், மருந்து பெரும்பாலும் நோய்த்தொற்றிய உயிரணுக்களில் மட்டுமே செயல் பெறுகின்றது. மூன்று பாஸ்பேட்டுகள் ஏறியபின் அது வளரும் டி.என்.ஏ இழையில் சேர்கின்றது. அடுத்த பாஸ்பேட் வந்து இணைவதற்கான ஹைட்ராக்சில் தொகுதி அதில் இல்லாததால் இழை அங்கேயே நின்றுவிடுகின்றது. கல்லீரல் அழற்சி சி நோய்க்கான சோபோஸ்புவிர் மருந்திலோ முதல் பாஸ்பேட் முன்னரே சேர்க்கப்பட்டு, மென்சவ்வைக் கடக்கும் பொருட்டு அதன் மின்னூட்டம் மறைக்கப்பட்டுள்ளது. உயிரணுவினுள் சென்றபின் மறைப்பு நீங்குகின்றது. மின்னூட்டம் பெற்ற மருந்து வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

டி.என்.ஏ
ஆர்.என்.ஏ
அடினோசின் முப்பாஸ்பேட்
நியூக்ளியோடைடு
பாஸ்பரஸ்
எல்லாப்பிரகட சுப்பாராவ்